கற்பூரத்தோடு ஓடிய கேசட்

அப்பா,

நேற்று அடையாறில் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் மெல்லிய சத்தத்தில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்து, பியானோவோடு அந்த ஆண் குரல் ஏறியதும் என் இரண்டு கைகளும் தானாகக் குவிந்துவிட்டன. கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன். எதிரே இருந்த அம்மாள் என் பின்னால் சாமி படம் மாட்டியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். அங்கே இருந்தது பல் துலக்கும் முறையை விளக்கும் படம். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பல்வலி தாங்காமல் அழுகிறாள் என்று அவர் நினைத்திருப்பார்.

உங்களால் வந்த பழக்கம் அப்பா. தொண்ணூறுகளில் தி. நகரில் நம் ஜவுளிக்கடை எப்படித் திறக்கும் என்பதை நான் மறக்க முடியுமா? ஷட்டரைத் தூக்கி, வாசலில் தண்ணீர் தெளித்து, கல்லாவுக்கு மேலே இருக்கும் படங்களுக்குக் கற்பூரம் காட்டியதும், சுடலை அண்ணன் கேசட் போடுவார். முதலில் பிள்ளையார் பாட்டு, அப்புறம் முருகன், அடுத்து நாகூர்ப் பக்கத்துப் பாட்டு ஒன்று, கடைசியில் ஒரு ஏசு பாட்டு. எல்லாச் சாமி கும்பிடுகிறவர்களும் புடவை கட்டத்தானே செய்கிறார்கள் என்பீர்கள். அந்த நான்கு பாட்டும் முடிகிறவரை விற்பனைக்கு நிற்கும் அத்தனை பேரும் கை கூப்பியபடி நிற்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கைக்குட்டைகூட விற்கக் கூடாது.

ஒருநாள் ஏசு பாட்டு கேசட்டை டேப் ரிக்கார்டர் மென்று துப்பிவிட்டது. நீங்கள் முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தீர்கள். அந்த வாரமே கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற நம்மூர்ப் பையனோடு வந்தவள், நீங்களே பொறுமையாகப் புடவைகளை விரித்துக் காட்டியதில் மகிழ்ந்துபோய்த் தன் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அட்டையில் கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து நின்றார். பின்னால் வரிசையாக மெழுகுவத்திகள். போட்டுக் கேட்டால் நமக்குப் புரியாத பாஷையில் உருகி உருகிப் பாடுகிறார். உங்களுக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? மறுநாள் காலையிலிருந்து அதுதான் நம் கடையின் ஏசு பாட்டு.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான். நம் பக்கத்தில் சாமியிடமும் அப்படித்தானே கெஞ்சுகிறோம், கொஞ்சுகிறோம், கோபித்துக்கொள்கிறோம். விவரம் தெரிந்த வாடிக்கையாளர் யாராவது உள்ளுக்குள் சிரித்திருக்கலாம். ஆனால் கற்பூரம் எரியும்போது கல்லாவில் நிற்கும் முதலாளியிடம் போய் யார் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் நான் அருளைப் பற்றி வீட்டில் சொன்னேன். ஆழ்வார்பேட்டையில் ஆடிட்டர் அலுவலகத்தில் என்னோடு வேலை கற்றுக்கொண்டிருந்தவர், வீடு மயிலாப்பூரில், கிறிஸ்தவர். அம்மா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நீங்கள் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. உங்களை மீறி ஓடிப்போகிற தைரியம் எனக்கு இல்லை. அவரை விட்டுவிடவும் மனம் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது நீங்கள் மனசோடு கொடுக்கும் சம்மதம்.

சில நாள் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னீர்கள்: "ஏட்டி, அந்தத் தம்பிய கடைக்கு வரச் சொல்லு. காலைல, கடை தொறக்கும்போது வரட்டும்."

முக்கியமான பேச்சை எல்லாம் நீங்கள் அந்த நேரத்துக்குத்தான் வைப்பீர்கள். கற்பூரத்துக்கு முன்னால் மனுஷன் பொய் சொல்லக் கூசுவான் என்பது உங்கள் கணக்கு. நெசவுக்காரர்களிடம் விலை பேசுவதும் அப்போதுதான்.

அருள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றார். நான் பில் போடும் மேஜைக்குப் பின்னால் நின்றேன். பிள்ளையார் பாடினார், முருகன் பாடினார், நாகூர்ப் பாட்டும் முடிந்தது. நீங்கள் அவர் பக்கம் திரும்பி, அவ்வளவு பிரியமாகச் சொன்னீர்கள்:

"தம்பி, வேத்து எடத்துக்கு வந்தாப்ல சங்கடப்படாதீங்க. நம்ம கடைல தெனமும் ஒங்க சாமி பாட்டும் போடுதோம். இந்தா, இப்பம் வரும், கேளுங்க."

குரல் எழுந்தது. எல்லோரும் கை கூப்பினார்கள். அருள் மட்டும் கூப்பவில்லை. என்னைப் பார்த்தார், டேப் ரிக்கார்டரைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது சாமி பாட்டு இல்ல சார்."

"பொறவு?"

"லவ் சாங்ஸ் சார். கேசட் பூரா அதான்."

புடவை அடுக்கில் முகத்தைப் புதைத்துக்கொண்ட சுடலை அண்ணனின் தோள் மட்டும் குலுங்கியது. என் கல்யாணம் அந்த நிமிடமே கடலில் கரைத்த பெருங்காயம் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். சபை நடுவே உங்களை யாரும் அப்படித் திருத்தி நான் பார்த்ததே இல்லை.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலேஜ்ல பிரெஞ்சு எடுத்தேன் சார், மார்க் நல்லா போடுவாங்கன்னு. இப்ப ஓடுறது பிரெஞ்சுப் பாட்டுதான்."

"அப்படியா? என்ன சொல்லுதான் இதுல?"

பாவம், அவர் காது சிவந்துவிட்டது. பெண் கேட்டு வந்த இடத்தில், பெண்ணின் அப்பாவுக்குக் காதல் பாட்டை மொழிபெயர்க்க வேண்டும். "உன் பேரைச் சொன்னாலே என் வாய் இனிக்குது, உன்னை விட்டா எனக்கு வேற ஊரும் இல்ல வீடும் இல்லன்னு பாடுறாரு சார்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மத்த பாட்டுல?"

"இத்தாலி, ஸ்பெயின் பாஷை எல்லாம் வருது சார். எனக்கு முழுசா தெரியாது. மேடைல ஓப்பரா பாடுறவரு, ஜனங்களுக்காக இறங்கி வந்து பாடியிருக்காரு. ஆனா விஷயம் எல்லாத்துலயும் இதேதான் சார்."

"இத்தன பாஷை படிச்சும் அந்த மனுசனுக்கு வேற சோலியே இல்ல போல" என்றீர்கள்.

முதலில் சிரித்தது நீங்கள்தான். அப்புறம்தான் கடையே சிரித்தது. சுடலை அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிப்பாட்டவா மொதலாளி?" என்று கேட்டார்.

"எதுக்குல? இத்தன நாளும் கும்பிட்டோம்லா. இன்னைக்குப் போயி எடுத்தா அந்தப் பாட்டு என்ன நெனைக்கும்?"

எடுக்கவில்லை நீங்கள். வேறு ஏசு பாட்டு கேசட் ஒன்று வாங்கினீர்கள், அதற்குப் பின்னால் இதுவும் ஓடியது. எந்தச் சாமிக்கு என்று சுடலை அண்ணன் கேட்டதற்கு, "ஏதாவது ஒண்ணு வாங்கிக்கிடும்" என்றீர்களாம்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் நீங்கள் பேசியதை அடுப்படியிலிருந்து கேட்டேன். "தலையாட்டிட்டுப் போயிருக்கலாம் அவன். எம் பொண்ணு வேணும்னு வந்தவன், எங்கிட்டயே வந்து நீரு கும்பிடுதது தப்புங்கான். இந்த வாய் நாளைக்கு இவகிட்டயும் பொய் பேசாது. கட்டிக் குடுப்போம்." அம்மாவை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிடாத நீங்கள், அன்று என்னவோ அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டுப் பேசினீர்கள். அவள் எழுந்து வந்து சாப்பிட்டாள்.

அதற்கப்புறமும் எனக்கு ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரிலிருந்து சித்தப்பா வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். பாதிச் சொந்தம் வர மாட்டோம் என்றது. நீங்கள் பாட்டுக்குக் கல்யாண வேலையைப் பார்த்தீர்கள். ஆனால் அருள் வீட்டுக்கு வந்தால் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டீர்கள். நிச்சயம் ஆன பிறகும் 'தம்பி'தான். பத்திரிகை அடித்த பிறகும் அதேதான். அவரும் 'சார்' என்பதை விடவில்லை. பொண்ணு அழுகிறாளே என்று விட்டுக் கொடுத்தீர்களா, மனசு ஒப்பித்தான் கொடுத்தீர்களா? கேட்க எனக்கு வாய் வரவில்லை. கல்யாணத்தன்று சாயங்கால விருந்துக்கு வடபழனியில் மண்டபம், சாப்பாடு, மேளம் எல்லாம் குறைவில்லாமல் ஏற்பாடு செய்தீர்கள். அதையெல்லாம் பார்க்கப் பார்க்க, கடமைக்குச் செய்கிறீர்களோ என்று எனக்கு இன்னும் சந்தேகம் கூடியது.

காலையில் மயிலாப்பூரில் அவர்கள் கோயிலில் கல்யாணம். நீங்கள் அதுவரை அப்படி ஒரு கோயிலுக்குள் நுழைந்ததே இல்லை. மற்றவர்கள் ஷூவோடு உள்ளே போக, நீங்கள் மட்டும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, பட்டு வேட்டியும் திருநீறுமாக என் கையைப் பிடித்து நடந்தீர்கள். பீடத்துக்கு முன்னால் அருள் நின்றுகொண்டிருந்தார். என் கையை அவர் கையில் வைத்தீர்கள். சரியாக அப்போது மேலே பாட்டுக் குழு ஆரம்பித்தது, உருக்கமாக.

நீங்கள் கை கூப்பப் போய், பாதியில் நிறுத்தினீர்கள். அவர் பக்கமாகச் சாய்ந்து, சாமியாருக்குக் கேட்காத குரலில் கேட்டீர்கள்:

"இதாவது சாமி பாட்டுதானே, மாப்ள?"

"ஆமா மாமா. இது சாமி பாட்டுதான்."

அவர் சொன்னதை நம்பி, கண்ணை மூடிக் கும்பிட்டீர்கள். தாலி கட்டியது அதற்கப்புறம்தான். எனக்குக் கல்யாணம் அப்போதே ஆகிவிட்டது அப்பா.

நீங்கள் போய் இத்தனை வருடம் ஆகிவிட்டது. கொடுத்தனுப்பிய பட்டு இழை விட்டுவிட்டது, வெள்ளிக் கிண்ணம் நசுங்கிவிட்டது, பித்தளை அண்டா பரணில் கிடக்கிறது. உங்கள் சீர்வரிசையில் இன்றைக்கும் நான் வைத்துப் புழங்குவது அந்த 'மாப்ள' ஒன்றைத்தான்.