ஒன்பதாம் எண் ஜெர்சிக்குள் யார்?

மார்ச் 4, 2025

இன்று ஒரு வண்டி வாளி மூடிகளைத் திருப்பி அனுப்பினேன். ஓரம் லேசாக நெளிந்திருந்தது. லைன் சூப்பர்வைசர் வேலு முணுமுணுத்தான்: "அக்கா கண்ணுக்கு எல்லாமே கோணல்தான் லா." இருக்கட்டும். தரச் சோதனைப் பிரிவில் என்னை உட்கார வைத்திருப்பதே சந்தேகப்படத்தான். அதற்குத்தான் சம்பளம்.

மாலையில் கொழுந்தனார் லோகேஸ்வரன் வந்தார். கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "அண்ணி, பாருங்க, நெட்ல கலைக்களஞ்சியத்துல என்னைப் பத்திப் போட்டிருக்காங்க."

படித்தேன். பிறந்த ஊர், படித்த பள்ளி, உயரம், ஆண்கள் அணியில் இரண்டு பருவம் மாற்றுக் கோல்காவலர். அந்த இரண்டு பருவத்திலும் மனுஷன் திடலுக்குள் போனது தண்ணீர் போத்தல் கொடுக்கத்தான். அதற்கு மூன்று பத்தி. படம் வேறு!

எரிச்சலில் அவர் கைப்பேசியிலேயே எங்கள் அணியின் பெயரைத் தட்டினேன். வனித்தா செலாத்தான் — தெற்கு ஜொகூர்ப் பெண்கள் கால்பந்து அணி. இருக்காது என்று நினைத்துத்தான் தட்டினேன். இருக்கிறது! ஆறே வரி. கடைசி வரி: 1997 கிண்ண இறுதியாட்டத்தில் 1–0 என வென்றது.

அந்த ஒரு கோலை அடித்தது யார்? பெயர் இல்லை. கட்டுரையை எழுதியவர் ‘நடுக்கோடு’ என்று புனைபெயர் வைத்திருக்கிறார். யார் இந்த நடுக்கோடு? இருபத்தெட்டு வருஷம் கழித்து எங்களை எதற்குத் தோண்டுகிறார்?

மார்ச் 5

இப்படி எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாதாம். சும்மாவா ஒருத்தர் உட்கார்ந்து எழுதுவார்? நம்பச் சொல்கிறார் என் வீட்டுக்காரர் கமலநாதன். அவர் எல்லாரையும் நம்புவார்.

மார்ச் 8

கெர்ட்ரூட். அவளாகத்தான் இருக்கும்.

இதை நான் எங்கும் எழுதியதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எங்கள் அணிக்குப் பதினோரு ஜெர்சிதான். அதுவும் ஆண்கள் போட்டுப் பழசாக்கியது, முட்டி வரை தொங்கும். மாற்று ஆட்டக்காரிக்குத் தனி ஜெர்சி கிடையாது. யாராவது வெளியே வந்தால், கோட்டோரத்தில் இரண்டு பேர் சாரோங்கைத் திரையாகப் பிடிப்பார்கள். அதற்குள்ளே நின்று வெளியே வருகிறவள் ஜெர்சியைக் கழற்றுவாள், உள்ளே போகிறவள் மாட்டிக்கொள்வாள். நடுவரும் கண்டுகொள்ள மாட்டார். பெண்கள் ஆட்டம்தானே!

பத்து பகாட் ஊர்த் திடலில் இறுதியாட்டம். கெர்ட்ரூட்டுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவளுடைய ஒன்பதாம் எண் ஜெர்சியை நான் மாட்டிக்கொண்டேன். ஈரம் சொட்டியது, தைல வாடை. ஆட்டம் முடியப்போகிற நேரம், கோல்காவலர் தட்டிவிட்ட பந்து என் காலுக்கு வந்தது. அடித்தேன். உள்ளே போனது. அது என் கோல்.

மறுநாள் பேப்பரில், ‘ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் கெர்ட்ரூட் ரபேல் அடித்த கோலால் வெற்றி’. நிருபர் கையிலிருந்த பெயர்ப்பட்டியலில் ஒன்பது என்றால் கெர்ட்ரூட். உள்ளே யார் இருக்கிறார் என்று ஏறிட்டுப் பார்த்தால்தானே!

அவள் மறுத்துப் பேசினாளா? இல்லை. அந்தப் பேப்பரைக் காட்டி ஜொகூர் பாருவில் ஒரு கம்பெனியில், விளையாட்டுக்காரி என்று, வேலைக்குச் சேர்ந்தாள். அன்றைக்குப் பேச்சை விட்டவள்தான் நான். இப்போது கட்டுரை வேறு. முதலில் பெயரில்லாமல் போடுவாள், பிறகு மெதுவாகத் தன் பெயரை நுழைப்பாள். எனக்கா தெரியாது?

மார்ச் 9

அவள் நுழைப்பதற்கு முன்னால் நானே நுழைத்துவிட்டேன். ‘வெற்றிக் கோலை அடித்தவர் யோகேஸ்வரி.’ யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம். போட்டுவிட்டேன்.

சமைத்து முடித்து வந்து பார்த்தால் காணோம்! நீக்கியது நடுக்கோடு. காரணம்: ‘சான்று இல்லை.’

சொன்னேனே. அவளேதான்.

மார்ச் 10

கட்டுரைக்குப் பின்னால் பேச்சுப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே போய் எழுதினேன்: "அடித்தவளே நான். என் கால்தான் சான்று. உனக்குத் தெரியாததா?"

பதில் வந்தது: "மன்னியுங்கள் அக்கா. அச்சில் வந்த ஆதாரம்தான் செல்லும். சொந்த அனுபவத்தைச் சேர்க்க முடியாது. உங்களிடம் பழைய நாளிதழ் ஏதும் இருக்கிறதா?"

அக்காவாம்! என்ன நடிப்பு. பேப்பர் கேட்கிறாள் பாருங்கள். பேப்பரில் யார் பெயர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

மார்ச் 12

நேரடியாகவே கேட்டுவிட்டேன்: "நீ கெர்ட்ரூட்தானே?"

இல்லையாம். பெயர் ரூபினியாம். சிரம்பானில் ஒரு நூலகத்தில் வேலையாம். ஆண்கள் போட்டி மலர் ஒன்றைப் புரட்டியபோது கடைசிப் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே, ‘பெண்கள் பிரிவு வெற்றியாளர்: வனித்தா செலாத்தான்’ என்று ஒரே ஒரு வரி பார்த்தாளாம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தேடியிருக்கிறாள். "ஆண்களைப் பற்றி நூறு கட்டுரை இருந்தா பெண்களைப் பற்றிப் பத்துகூட இல்லக்கா. பெஞ்சுல உட்கார்ந்தவங்களுக்கெல்லாம் பக்கம் இருக்கு" என்று எழுதியிருக்கிறாள்.

பெஞ்சு என்று படித்ததும் லோகேஸ்வரன் முகம் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். உடனே உஷாரானேன். இப்படி இனிக்க இனிக்கப் பேசித்தானே கடைசியில் வங்கி எண் கேட்பார்கள்?

மார்ச் 13

வங்கி எண் கேட்கவில்லை. இன்னும்.

மார்ச் 14

கட்டுரையின் தலையில் சிவப்புப் பட்டை. வேறு யாரோ ஒருவர் வைத்திருக்கிறார்: ‘இந்த அணி குறிப்பிடத்தக்கதென்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை. ஒரு வாரத்துக்குள் சேர்க்காவிட்டால் நீக்கப்படும்.’

ரூபினி கெஞ்சியிருக்கிறாள். ஒரே ஒரு நாளிதழ்ச் செய்தி கிடைத்தால் போதுமாம், காப்பாற்றிவிடலாமாம். அவள் தேடிய நூலகங்களில் அந்த மாதத்துப் பேப்பர்கள் இல்லையாம்.

என்னிடம் இருக்கிறது. அலமாரியில், கல்யாணப் புடவைக்கு அடியில். ஆசையில் வைத்ததில்லை, ஆத்திரத்தில் வைத்தது. ஆனால் அதைக் கொடுத்தால் கட்டுரையில் என்ன ஏறும்? கெர்ட்ரூட் ரபேல். என் கையாலேயே என் கோலை அவளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அணியே இல்லை.

நல்லா மாட்டுனடி யோகேஸ்வரி.

மார்ச் 16, ஞாயிறு

கெர்ட்ரூட் இருக்கிற சிம்பாங் ரெங்கம் போனேன். முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவது என்று முடிவு. கமலநாதன் காரிலேயே இருந்துகொண்டார். புத்திசாலி.

கெர்ட்ரூட் வாசலில் பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். கம்பெனி வேலையை விட்டபிறகு வேன்தான் ஓட்டுகிறாளாம். உடம்பு போட்டிருக்கிறாள், ஒரு முட்டியில் பட்டி. என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ரப்பர் குழாய் நழுவி அவள் காலிலேயே தண்ணீர் கொட்டியது.

"அலாமாக்! யோகேசா? உள்ள வாடி."

"உள்ள வர வரல. நெட்ல எழுதுறது நீயா?"

"என்ன நெட்டு? எனக்கு வாட்ஸ்அப் வந்தா தொறக்கவே மக வரணும்."

கட்டுரையைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தாள். அணியின் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தாள். அவள் கண் கலங்கியது. அதையும் நான் உற்றுப் பார்த்தேன், நிஜமா நடிப்பா என்று. நிஜம் மாதிரித்தான் இருந்தது.

கேட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்டேன். "அன்னிக்கு ஏன்டி இல்லன்னு சொல்லல?"

அவள் வேன் படியில் உட்கார்ந்துவிட்டாள். "வேலைக்குக் கூப்பிட்ட எடத்துல பேப்பரைக் காட்டி, ‘இந்த கோல் நீங்கதானே’ன்னு கேட்டாங்க. அப்பாவுக்கு அப்ப வேலை இல்ல. ஆமான்னுட்டேன். ஒரு தடவ ஆமான்னுட்டா, பெறகு எங்க போயி இல்லன்னு சொல்றது?"

மன்னிப்பு கேட்கவில்லை. நானும் கேள் என்று சொல்லவில்லை.

சிவப்புப் பட்டையைப் பற்றிச் சொன்னேன், பேப்பர் என்னிடம் இருப்பதையும் சொன்னேன். அவளுடையது வெள்ளத்தில் போய்விட்டதாம். "அப்ப குடுத்துடுடி, யோகேஸ். அணி பேராச்சும் இருக்கட்டும்" என்றாள்.

குடுத்துடணுமாம்! குடுக்கச் சொல்ல மாட்டாளா பின்னே? அதில் இருப்பது அவள் பேராச்சே! தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

யோங் பெங் டோல் தாண்டியதும் கமலநாதன் சொன்னார்: "குளத்தோட கோவிச்சுக்கிட்டுக் கால் கழுவாம போன கதையால்ல இருக்கு, நீ பண்றது."

மார்ச் 17

கொடுக்க மாட்டேன்.

மார்ச் 19

நோன்பு மாதம், பஜாரில் கூட்டம். லோகேஸ்வரன் அங்கிருந்து முர்த்தபாக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தின்றுகொண்டே கேட்டார்: "அண்ணி, அந்த சிவப்புப் பட்டையைப் பாத்தேன். உண்மையிலேயே அப்படி ஒரு டீம் இருந்துச்சா? இல்ல நீங்க எல்லாம் சும்மா எக்சர்சைஸுக்கு ஆடுனதா?"

கேலிதான். அவர் எப்போதும் இப்படித்தான். ஆனால் எனக்கு நெஞ்சு எரிந்தது. எப்படி ஆடினோம்! ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிவிட்டு, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு, வீட்டில் பொய் சொல்லிவிட்டு, லாரிக்குப் பின்னால் ஏறி வந்து ஆடினோம். ஒருத்தி கல்யாணத்துக்கு முதல் நாள் ஆடிவிட்டு, முட்டிக் காயத்தோடு மணவறையில் உட்கார்ந்தாள். அதெல்லாம் எக்சர்சைஸா? பெஞ்சு தேய்ச்ச மனுஷன் கேக்குறாரு, டீம் இருந்துச்சான்னு!

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். புடவைக்கு அடியிலிருந்து எடுத்தேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தை முழுசாகப் பார்த்ததே இல்லை. அவள் பெயரைத்தான் பார்த்திருக்கிறேன். மேலே அரைப் பக்கத்துக்கு, அரையிறுதியில் தோற்ற ஆண்கள் அணியின் சோகக் கதை. கீழே மூலையில் எங்கள் வெற்றி. ஐந்து வரி. அந்த ஐந்து வரியிலும் தப்பு.

படம் எடுத்து ரூபினிக்கு அனுப்பினேன். "கோல் விஷயம் தவறு. ஆனால் அணி இருந்தது" என்று மட்டும் எழுதினேன்.

பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கமலநாதனுக்குக் கேட்டிருக்கும்.

மார்ச் 23

சிவப்புப் பட்டை போய்விட்டது. கட்டுரை நிற்கிறது. ‘வெற்றிக் கோலை கெர்ட்ரூட் ரபேல் அடித்தார்.’ பக்கத்தில் சிறிய எண், கீழே என் பேப்பரின் தேதி.

ரூபினி எழுதியிருக்கிறாள்: "நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன் அக்கா. ஆனால் என் நம்பிக்கையும் சான்றாகாது."

இந்தப் பெண் திருடி இல்லை என்று நினைக்கிறேன். அனேகமாக.

மார்ச் 25

கெர்ட்ரூட்டிடமிருந்து மூன்று அழைப்பு. எடுக்கவில்லை. நன்றி சொல்லவா? அவள் நன்றி எனக்கு எதற்கு?

ஏப்ரல் 7

இன்று ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை. "அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று வேலு கேட்டான்.

ஏப்ரல் 19

கெர்ட்ரூட் யாரோ நிருபரிடம் பேசிக்கொண்டிருப்பதாகக் கமலநாதன் கேள்விப்பட்டிருக்கிறார். சிம்பாங் ரெங்கம் கடையில் சொன்னார்களாம். ஆகா. கட்டுரையில் பெயர் ஏறியதும் பேட்டி கொடுக்கக் கிளம்பிவிட்டாள். படத்தோடு வரும். ‘கோல் அடித்த வீராங்கனை வேன் ஓட்டுகிறார்.’ எனக்குத் தலைப்பே தெரிகிறது.

கொடுத்தது நான்தானே. வேணும் எனக்கு.

ஏப்ரல் 27, ஞாயிறு

கமலநாதன் பேப்பர் வாங்கிவந்து என் முன்னால் விரித்து வைத்தார். பெண்கள் பக்கம். வேனில் சாய்ந்து நிற்கிறாள், முட்டிப் பட்டியோடு.

அப்படியே எடுத்து எழுதுகிறேன்: ‘அந்த கோலை நான் அடிக்கவில்லை. எனக்குக் கால் பிடித்துக்கொண்டதால் வெளியே வந்துவிட்டேன். எங்களுக்கு மாற்று ஜெர்சி கிடையாது. என் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு யோகேஸ்வரிதான் அடித்தார். பேப்பரில் தவறாக வந்தது. அதை வைத்து எனக்கு வேலை கிடைத்தது, நான் வாயை மூடிக்கொண்டேன். ஜெர்சி என்னுடையது, கால் அவருடையது.’

இரண்டு தரம் படித்தேன். அந்தக் கம்பெனியில் அவளோடு வேலை செய்தவர்கள், அவள் வேனில் பிள்ளைகளை ஏற்றுகிற தாய்மார்கள், எல்லாரும் படிப்பார்கள். தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள்.

இதில் அவளுக்கு என்ன லாபம் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

மே 2

ரூபினி கட்டுரையைத் திருத்திவிட்டாள். ‘கோலை கெர்ட்ரூட் ரபேல் அடித்ததாக 1997ஆம் ஆண்டு நாளிதழ்ச் செய்தி கூறுகிறது. ஆனால் அதை அடித்தவர் யோகேஸ்வரி என்று கெர்ட்ரூட் 2025இல் அளித்த பேட்டியில் தெரிவித்துள்ளார்.’ இரண்டு சிறிய எண்கள். இரண்டும் அச்சில் வந்தவை.

லோகேஸ்வரனுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் அனுப்பினார்.

மே 3

அந்தப் பேட்டியை இன்று கடைசி வரை படித்தேன். அன்றைக்குக் கண்ணில் தண்ணீர், முழுசாகப் படிக்கவில்லை. கடைசி வரி இதுதான்: ‘ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கோட்டோரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், நன்றாகத் தெரிந்தது. அது ஆஃப்சைட்.’

ஆஃப்சைடா?! அப்படியென்றால் என் கோலே செல்லாதாம்! அடியே கெர்ட்ரூட்!

மே 4, ஞாயிறு

காலையிலேயே நெத்திலி சம்பல் கிண்டிவிட்டேன். அவளுக்கு உறைப்பு தூக்கலாக இருக்க வேண்டும், அது ஞாபகம் இருக்கிறது. கமலநாதன் காரை வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார். போய் முதலில் ஆஃப்சைட் விவகாரத்தைப் பேசித் தீர்க்க வேண்டும். கோல்காவலர் தட்டிய பந்து அது, எனக்கு முன்னால் அவர்கள் ஆட்டக்காரி ஒருத்தி நின்றாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது. கெர்ட்ரூட்டிடம் கேட்கத்தான் போகிறேன்: சான்று எங்கே?