என் கம்பி தானாக அறுந்துபோகாது

இன்று காலை உன் மகன் ஒரு பிளாஸ்டிக் கவரை என் மேசைமேல் வைத்துவிட்டு நின்றான். பிரிப்பதற்கு முன்பே சத்தத்தில் தெரிந்துவிட்டது. கண்ணாடிச் சில்லும் சோழியும் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம். இத்தனை வருடம் உன் கையிலிருந்து கேட்டது.

"அறுந்துபோச்சு பெரிம்மா. கொஞ்சம் சேத்துக் குடுத்தீங்கன்னா பொண்ணு காலேஜுக்குப் போட்டுக்குவா. இப்ப இதான் ஃபேஷனாம். ஈசிஆர் கடைங்கள்ல எல்லாம் தொங்குதாம்."

அறுந்துபோச்சாம்! நீயாக இருந்தால் அவன் முகத்துக்கு நேராகவே சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கைச்சங்கிலியை வெளியே எடுத்துக் கம்பியின் முனைகளைப் பார்த்தேன். இரண்டும் தட்டையாக நசுங்கியிருந்தன. கட்டிங் பிளேயரின் பல் பதிந்த இடம் தடவினாலே தெரிந்தது.

இதை நான் எதற்காகச் செய்தேன் என்று அவனுக்கு நினைவிருக்குமா? உன் வீட்டுக்காரர் காரியத்தன்று உன் நாத்தனார் உன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து வளையல்களை உடைத்தாள். பிறகு மீன் கூடையோடு மறுபடியும் எங்கள் தெருவுக்கு வந்தபோதுதான் சொன்னாய்.

"கூடையத் தூக்கறேன், எறக்கறேன், கையில சத்தமே இல்லக்கா. வேற யாரோ விக்கற மாதிரி இருக்குது."

நான் அப்போது முழங்கால் போய், உப்பளத்து வேலையை விட்டுவிட்டு, வீட்டில் மணி கோத்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அறுந்த தோடு ஒன்றைப் பிரித்துப் பார்த்துத்தான் கம்பியை வளையமாக வளைத்து அதன் கழுத்திலேயே சுற்றி முடிக்கக் கற்றுக்கொண்டேன். உனக்கு முதலில் செய்தது சாதாரண இரும்புக் கம்பியில். நம் ஊர் உப்புக் காற்றுக்கு அது சீக்கிரமே துருப்பிடித்து உன் புடவையைக் கறையாக்கியது. அடுத்தது செப்புக் கம்பி. உன் மணிக்கட்டு பச்சையாகிவிட்டது. "பாருங்க, அக்கா புண்ணியத்துல என் கை பாசி புடிச்சுடுச்சு" என்று வீடு வீடாகக் காட்டிவிட்டு வந்தாய்.

பிறகு நீயே உன் வீட்டுக்காரரின் தூண்டில் பெட்டியிலிருந்து ஒரு கம்பிச் சுருளைக் கொண்டுவந்தாய். பெரிய மீன் கடித்து அறுத்துவிடாமல் முள்ளுக்கு மேலே கட்டுகிற கம்பி. துருப்பிடிக்காது. சொன்னபடி வளையவும் வளையாது. அதோடு மல்லுக்கட்டி என் விரல்நுனியெல்லாம் புண்ணானது.

கரையில் பொறுக்கியதெல்லாம் நீதான். அலை உருட்டி உருட்டி முனை மழுங்கிய பாட்டில் சில்லுகளில் நீலத்தையும் பச்சையையும் மட்டும் எடுத்துவந்தாய். அவற்றில் துளை போட்டால் உடைந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் சுற்றிக் கம்பியால் கூண்டு கட்டித் தொங்கவிட்டேன். இடையிடையே சோழி. உப்புக்கல் மாதிரி இருக்கட்டும் என்று கோட்டக்குப்பத்தில் வாங்கிய வெள்ளை மணிகள். நடுவில் கம்பியிலேயே ஒரு மீன் வளைக்கலாம் என்றேன்.

"மீனா? நாள் பூரா அது மூஞ்சியத்தான பாக்கறேன்! நண்டு பண்ணுக்கா. எவனாவது கையப் புடிச்சா கடிக்கட்டும்."

நண்டு செய்தேன். எல்லாக் கால்களுக்கும் கம்பி போதவில்லை. "நொண்டி நண்டு, என்னை மாதிரியே நடக்குது பாரு" என்றேன். கடைசியில் மாட்டிக் கழற்ற ஒரு கொக்கி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"கழட்டறதுக்கா? வேணாம்."

உன் கையை என் மடியில் வைத்து, மணிக்கட்டில் மாட்டியபடியே கடைசி வளையத்தைச் சுற்றி மூடினேன்.

மறுநாளே உன் நாத்தனார் தெருவில் நின்று கத்தினாள். "தாலி அறுத்தவளுக்கு வளையல் கேக்குதா?" நீ கூடையைக்கூட இறக்கவில்லை. கையைத் தூக்கிக் காட்டினாய். "எங்க இருக்குது வளையல்? இது உங்கண்ணன் தூண்டில் கம்பி. முடிஞ்சா உடைச்சுக்கோ."

நீ உயிரோடு இருந்தவரை அவளால் முடியவில்லை. உன்னைக் குளிப்பாட்டக் கிடத்தியிருந்த அன்றைக்குத்தான் முடிந்தது. "இத்தோட எங்கண்ணன்கிட்ட அனுப்பக் கூடாது, வெட்டுங்க" என்றாள். நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "இது அவரு கம்பிதான்டி!" பக்கத்திலிருந்த பெண்கள் என்னைத் தூக்கினார்கள். "பாவம், ரொம்ப அழுவறாங்க. வெளிய கூட்டிப்போய்த் தண்ணி குடுங்க." நான் அழவில்லை. நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சாவு வீட்டில் ஒரு கிழவி கத்தினால் அது அழுகையாகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

வாசலில் உட்கார வைக்கப்பட்டு, கையில் தண்ணீர்ச் சொம்போடு பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கத்தரிக்கோல் வழுக்கியது. உன் மகன் வெளியே வந்து பைக்கின் சீட்டைத் தூக்கி பிளேயரை எடுத்தான். என்னைத் தாண்டித்தான் உள்ளே போனான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்றைக்கும் பார்க்கவில்லை. வெட்டிய முனையை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினேன்.

"இது தானா அறுந்துச்சா?"

"பொண்ணுகிட்ட அப்படித்தான் சொல்லி வெச்சிருக்கேன் பெரிம்மா."

"நீதான் வெட்டினேன்னு சொல்லிட்டு வா. சேத்துத் தர்றேன்."

"ஏன்னு கேப்பா."

"கேக்கட்டும். புருஷன் செத்தவ கையில இருக்கக் கூடாதுன்னு வெட்டினோம், நாளைக்கு உனக்கும் இதான்னு சொல்லு."

அவன் பதறிப்போய்விட்டான். "வாயக் கழுவுங்க பெரிம்மா! வாழப்போற பொண்ணப் பத்தி என்ன பேச்சு இது?"

"உங்கம்மாவும் வாழ வந்தவதான்டா."

அவன் கவரை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மகளைப் பற்றிக் காதால் கேட்கவே பொறுக்காத ஒன்றை, உன் கையைப் பிடித்துக்கொண்டு அவனால் செய்ய முடிந்தது. எனக்கு ஆறவில்லை. நாளாக நாளாக ஆறிவிடும் என்கிறார்கள். ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. உன் பக்கம் நின்று கோபப்பட இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

அந்தப் பெண்மேல் எனக்கு வருத்தமில்லை. அவள் கையில் இது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 'அறுந்துபோச்சு' என்ற பொய்யையும் சேர்த்துக் கோத்துக் கொடுக்க என்னால் முடியாது. அப்பனுக்குச் சொல்ல வாய் வராவிட்டால் அவளே வரட்டும். எதிரில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். கேட்ட பிறகும் வேண்டும் என்று அவள் கையை நீட்டினால், அவளிடமும் கேட்பேன், கொக்கி வைக்கட்டுமா வேண்டாமா என்று.