பதினேழாம் பக்கம்

ஜூன் 3

கடற்சுவர் பட்டியல் வந்துவிட்டது. எங்கள் நகராட்சிக்கு வடக்கே ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் தொடங்கி, தெற்கே மணல்மேடுகள் வரை பதினான்கு கிலோமீட்டர் கரை. இருபத்திரண்டு ஊர்கள். சுவர் இருபத்தொன்றுக்கு. விட்டுப்போனது முகத்துவாரத்து ஊர் ஒன்றுதான். நான் பிறந்த ஊர். அத்தான் போனபின் அக்கா தனியாக இருக்கிற ஊர். அவள் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே இருபது அடிகூட இல்லை.

தட்டச்சுப் பிழையாக இருக்கும். நாளை பொறியாளரைக் கேட்க வேண்டும்.

ஜூன் 4

பிழை இல்லை. பொறியாளர் நகராட்சிக் கையேட்டைத் திறந்து பதினேழாம் பக்கத்தில் ஊர்ப்பெயர்க் காரணத்தைக் காட்டினார். "நிரந்தரமா ஆள் இருக்கிற ஊருக்குத்தான் சுவர். இது சீசனுக்கு வந்து போற இடம்னு பேர்லயே இருக்கேம்மா. உங்க ஆபீஸ் புத்தகம்தானே?"

எங்கள் ஆபீஸ் புத்தகம்தான். எழுதியது நான்.

ஜூன் 5

இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் ஊர்ப்பெயர்க் காரணம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இருபத்தொரு ஊருக்கு பஸ் ஏறிப் போனேன், பெரியவர்களைக் கேட்டேன், பழைய பத்திரங்களைப் புரட்டினேன். என் ஊருக்கு மட்டும் போகவில்லை. நம்ம ஊருதானே, நமக்குத் தெரியாததா என்ற திமிர். தெரியாது என்பது எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. அச்சகத்துக்காரர் தலைக்குமேல் நிற்கிறார். 'மீன்பிடிப் பருவத்தில் மட்டும் வந்து தங்கிச் சென்றவர்களின் இடம் என்பது பொருள்' என்று ஒரு கதையைக் கட்டிவிட்டேன். அருமை என்றார் கமிஷனர்.

சொந்தக் காசில் சூனியம் என்பார்கள். நான் வைத்தது அக்கா காசில்.

ஜூன் 9

கமிஷனரிடம் சொல்லிவிட்டேன். அது பொய், நான் கட்டிய கதை என்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்தார். "அக்கா அங்க இருக்காங்க. அதான் சொல்றீங்க, புரியுது." ஊராரிடம் நாற்பது வருஷ வீட்டு வரி ரசீது இருக்கிறதே என்றேன். சீசன்காரர்களும் கட்டுவார்களாம். "சரி, உண்மையான காரணத்தைக் கொண்டாங்க. மாத்திடலாம்."

ஜூன் 14

மூன்று நாளாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். கையேட்டைத் திருத்துகிறோம் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன். ஒருவருக்கும் தெரியவில்லை. படகு கட்டும் தச்சர், "பேருக்கு எதுக்கும்மா காரணம்? கூப்பிட்டா திரும்பிப் பாக்கணும், அவ்வளவுதான்" என்றார். இரண்டு பேர் என் பொய்யையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொல்லித்தருகிறார்களாம்.

என்னத்தச் சொல்ல. எந்த மூஞ்சியோட அக்கா வீட்டுல காபி குடிச்சேன்?

ஜூலை 2

கல் கொட்டும் லாரிகள் அடுத்த ஊரோடு நின்றுவிட்டன. அங்கே சுவரில் மோதுகிற அலை திரும்பி அக்கா ஊர்ப்பக்கம்தான் பாய்கிறது. அவள் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே இப்போது ஒன்பது அடி.

ஜூலை 19

ஊரார் கொடுத்த மனு தள்ளுபடி. காரணம் ஒரே வரி. காண்க: கையேடு, பக்கம் 17.

ஆகஸ்ட் 6

அக்காவின் அடுப்படி போய்விட்டது.

ஆகஸ்ட் 7

இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின். வேனில் ஏற்றி அக்காவை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

செப்டம்பர் 1

அக்கா என் பின்னறையில் இருக்கிறாள். இன்று முகவரி மாற்ற விண்ணப்பம் நிரப்பினோம். 'பிறந்த ஊர்' என்ற இடத்தில் என் பேனா நின்றது.

"எழுதுடி. ஏன் நிறுத்திட்ட?" என்றாள். பிறகு அவளே, "அந்தப் பேருக்கு வந்து போறவங்கன்னு அர்த்தமாமே. மனு கொடுக்கப் போனப்ப உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. இத்தனை வருஷம் இருந்திருக்கேன், எனக்குத் தெரியல பாரேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா உங்க அத்தானும் நானும் அங்க தளம் போட்டு வீடு கட்டியிருக்க மாட்டோம்" என்றாள்.

ஊரின் பெயரை எழுதினேன். சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். அவள் கையெழுத்துப் போடக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள். எடுத்துக் கொடுத்தேன்.