எழுந்து போக வைக்கும் சத்தம்

ஜூன் 30, திங்கள்

காலை எட்டு மணிக்கே 38 டிகிரி. கார்க் கண்ணாடி முழுக்கப் புழுதி.

அஜ்மான் வேலை உறுதியாகிவிட்டது. புதுக் கட்டடம், கீழ்த்தளம் முழுக்கக் கடைகள், முன்னால் நீளமான நிழல். எதிரே கட்டட வேலை நடக்கும் சைட். மதிய இடைவேளையில் லேபர் ஆட்கள் முப்பது பேர் வந்து அந்த நிழலில் படுக்கிறார்கள். வியர்வை நாற்றம், வாடிக்கையாளர் வருவதில்லை என்று கடைக்காரர்கள் புகார்.

எங்கள் ஸ்டுடியோவின் மலையாளி மேனேஜர் ஜோசப் சார் விளக்கியது: "தொடக் கூடாது, திட்டக் கூடாது கேட்டோ. வீடியோ எடுத்துப் போட்டா பிரச்சனை. அவங்களே எழுந்து போகணும். அதுக்கு ஒரு சத்தம் வேணும்."

எட்டு வருடமாக விளம்பரத்துக்குக் கதவுச் சத்தமும் காலடிச் சத்தமும். இப்போதுதான் உருப்படியான வேலை.

ஜூலை 2, புதன்

நாள் முழுக்கப் பதிவு. எரிச்சல் மதிப்பெண், பத்துக்கு:

ஈரத் தெர்மக்கோல் உரசல் – 7
கொசு – 5
ஸ்டீல் தட்டில் முள்கரண்டி – 8. அக்கவுண்டன்ட் எழுந்தே போய்விட்டார்.
வாய் திறந்து மெல்லுவது – 9. ஜோசப் சார் பிரியாணி சாப்பிடும்போது அவருக்குத் தெரியாமல் எடுத்தேன்.

ஒரே இடைவெளியில் வந்தால் காது பழகிவிடும். 7 நொடி, பிறகு 40, பிறகு 11. அப்பாடா, நின்றது என்று நினைக்கும்போது வர வேண்டும்.

மனைவி ஜமீலா வாங்கி வரச் சொன்னது: டயபர், வெங்காயம். மறந்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

ஸ்பீக்கரை நிழல் பக்கச் சுவரிலுள்ள அலுமினியத் தடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்தாயிற்று. வெளியே தெரியாது. எதிரே சைட்டை ஒட்டிய டீக்கடையில் உட்கார்ந்து போனிலிருந்தே ஓட்டலாம்.

12.40. முள்கரண்டி, முழுச் சத்தம். ஒருவரும் அசையவில்லை. தெர்மக்கோல். குறட்டை. நடந்து போகிற மாதிரி பக்கத்தில் போனேன். தமிழ் ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஏசி மிசினு தேயுது போல. நம்ம டிரில்லுக்கு இது தாலாட்டுய்யா." சிரிப்பு.

நாளெல்லாம் கான்கிரீட் உடைக்கிற காதுகள். எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். ஜோசப் சாரிடமிருந்து மூன்று கேள்விக்குறி மட்டும் மெசேஜ்.

அவமானம்.

ஜூலை 7, திங்கள்

விடை வீட்டிலேயே இருந்தது. மகள் சஃபா. ஏழு மாதம்.

மாலை ஐந்து மணி, பால் நேரம். ஏசியை அணைத்து மைக் வைத்தேன். ஜமீலா பாட்டிலோடு வந்தாள்.

"கொடுக்கட்டா மச்சான்?"

"இரு. விளம்பரத்துக்கு அழுகை வேணும்."

நான்கு நிமிடம் வரை சிணுங்கல்தான், பயன்படாது. ஆறாவது நிமிடத்தில் தொண்டை திறந்தது. ஒன்பதில் மூச்சு அடைத்து, நின்று, மறுபடி ஏறியது. அதுதான் வேண்டியிருந்தது. ஜமீலா பாட்டிலை என் முதுகில் எறியப் பார்த்தாள். "புள்ள நீலம் பூக்குது, நீங்க மனுசனா?"

பதிவு சுத்தம். ஜமீலாவின் குரல் ஒரே இடத்தில்தான் விழுந்திருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

எடிட்டிங். பால் கிடைத்ததும் அழுகை தணிகிற இடத்தை வெட்டிவிட்டேன். இப்போது அது தணியவே தணியாது.

ஜமீலா கூடப்பிறந்த லாத்தாவிடம் போனில்: "சஃபா சத்தம் விளம்பரத்துல வரப் போவுதாம்!" கோபம் போய்விட்டது. நல்லது.

ஜூலை 9, புதன்

43 டிகிரி. காற்றே இல்லை.

12.50க்கு ஓட்டினேன். முதல் அழுகையிலேயே பத்துப் பேர் கண் விழித்தார்கள். "யாரு புள்ளடா?" என்றார் ஒருவர். இரண்டாவது முறை, எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் போனை எடுத்து வீட்டுக்குப் பேசிக்கொண்டே வெயிலில் இறங்கி நடந்தார். 1.30க்கு நிழல் காலி.

ஒரே ஒரு ஆள் மட்டும் போகவில்லை. சுவரோரமாக, ஒவ்வொரு இடமாகக் காதை வைத்துக்கொண்டு வந்தார்.

ஜோசப் சார்: "கலக்கிட்டே!"

ஜூலை 10, வியாழன்

அதே ஆள் மறுபடி. வாட்ச்மேனிடம் கையைக் காட்டிக் காட்டிப் பேசினார். சொல்லிக்கொடுத்திருந்தபடி வாட்ச்மேன், மாடியில் குழந்தைகள் கிளினிக் இருக்கிறது, சத்தம் அங்கேதான் என்றான். மற்றவர்கள் நம்பிவிட்டார்கள். இவர் தடுப்பின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடைவேளை முடியும்வரை ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வாயசைவு மட்டும் தெரிந்தது. சமாதானம் சொல்வது போல.

எனக்குச் சிரிப்பு வந்தது. எழுதிவைக்கிறேன், வந்தது.

ஜூலை 15, செவ்வாய்

1.05. சைட்டிலிருந்து கடப்பாரையோடு வந்தார்.

நான் எதிர் டீக்கடையில், ஐம்பது அடி தூரத்தில். போனில் ஒரு தட்டுத் தட்டினால் சத்தம் நின்றிருக்கும். என்ன செய்வார் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. சுலைமானி டீ ஆறிப்போனது. தடுப்பின் ஒரு மூலையை நெம்பி, தோள்வரை கையை உள்ளே விட்டார். வாட்ச்மேனும் இன்னொருவனும் காலைப் பிடித்து இழுத்தார்கள். அலுமினிய விளிம்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழித்துவிட்டது.

அப்புறம்தான் நிறுத்தினேன்.

தமிழ் தெரியும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பெயர் சின்னத்துரை, அரியலூர்ப் பக்கம். கையில் துண்டு சுற்றியிருந்தது.

"சார், நீங்க தமிழா? புள்ளைய எடுத்துட்டாங்களா சார்?"

தகவல் தெரிந்து வந்திருந்த ஜோசப் சார் என் காதில்: "ஸ்பீக்கர்னு சொல்லாதே. சைட் முழுக்கப் பரவும், எல்லாம் திரும்பி வந்துரும்."

"புள்ளையெல்லாம் இல்லை. மாடியில கிளினிக். அங்க அழுவுறதுதான் குழாய் வழியா கேக்குது."

"இல்ல சார், தொட்டேன். துணி மாதிரி இருந்துச்சு. அதுக்கு அடியில துடிச்சிச்சு சார். நெஞ்சு."

"ஏசி குழாய் அது."

பிறகு குரலை இறக்கி, "பைத்தியம்னு எழுதிடாதீங்க சார். ஊருக்கு அனுப்பிச்சிடுவாங்க."

சைட் சூப்பர்வைசர் கொடுத்த தாளில், அவர் சொன்னதை மொழிபெயர்த்துக் கையெழுத்துப் போட்டேன். சுவருக்குள் குழந்தை இருப்பதாகச் சொல்கிறார். அதன் நெஞ்சைத் தொட்டதாகவும் சொல்கிறார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான்.

ஸ்டுடியோவில் ஸ்பீக்கர் துணியின் மேல் கை வைத்து, அழுகையை ஓட்டிப் பார்த்தேன். வீட்டில் சஃபா அழும்போது நெஞ்சில் கை வைத்தும் பார்த்தேன். ஆள் பொய் சொல்லவில்லை.

டயபர் வாங்கியாயிற்று.

ஜூலை 19, சனி

வாட்ச்மேன் போன் செய்தான். சின்னத்துரையை நேற்று அனுப்பிவிட்டார்களாம். வேலைக்கு லாயக்கில்லை என்று கம்பெனி முடிவாம். நிழல் சுத்தமாகக் காலி, கடைக்காரர்களுக்குச் சந்தோஷம். ஜோசப் சார் இன்னும் இரண்டு கட்டடம் பேசிவிட்டார்.

இன்னொன்றும் சொன்னான் வாட்ச்மேன்: தடுப்புப் பக்கம் ஏதோ நாறுகிறதாம்.

ஜூலை 21, திங்கள்

நெம்பிய மூலையைச் சரிசெய்யத் தடுப்பைக் கழற்றினேன். உள்ளே, ஸ்பீக்கருக்குக் கீழே, சின்னப் பால் அட்டைப்பெட்டிகள் நான்கு. தடுப்புக்கும் தரைக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. அது வழியாகச் சின்னத்துரை தள்ளியிருக்கிறார். மூன்று பெட்டிகள் வெக்கையில் உப்பி வெடித்திருந்தன. நான்காவதில் ஸ்ட்ரா குத்தி, நுனி ஸ்பீக்கர் பக்கம் பார்க்கும்படி வளைத்து வைத்திருந்தார்.

எறும்பு. நாற்றம்.

துடைத்தேன். ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. தடுப்பின் அடி இடைவெளியை சிலிக்கான் வைத்து அடைத்தேன். 12.30க்கு ஓட்டிப் பார்த்தேன். சத்தம் சரியாக இருந்தது.