இடது கன்னம்

1954 ஜூன் 7
இடது கன்னத்தின் உள்ளே இருந்த வெள்ளைத் திட்டு புண்ணாகிவிட்டது. மிளகாய் பட்டால் உயிர் போகிறது. இருபது வருஷமாக வெற்றிலையும் புகையிலையும் அதக்குவது அந்தப் பக்கம்தான். “சூடுதாம்ட்டீ, மணத்தக்காளி தின்னா மாறிரும்” என்கிறார் வீட்டுக்காரர். மூன்று மாதமாகத் தின்கிறேன்.

ஜூன் 19
மிஷன் ஆஸ்பத்திரி. டாக்டர் ஜான்ரோஸ் புண்ணிலிருந்து ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார்.

ஜூன் 26
புற்று.
“கன்னத்த வெட்டினா மொகம் என்னத்துக்காவும்? நாட்டு மருந்து பாப்போம்” என்றார் வீட்டுக்காரர். எனக்கு ஆத்திரம். மொகம் எனக்குள்ளதுல்லா, சாவும் எனக்குள்ளதுல்லா!
துணுக்கை நான் பார்க்க வேண்டும் என்றேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் காட்டினார். ஊதாப் புள்ளிகள், சந்தைக் கூட்டம்போல ஒன்றின்மேல் ஒன்று. “நிறுத்தத் தெரியாம பெருகுது, டீச்சர்.”
பார்த்தாயிற்று. வெட்டட்டும்.

ஆகஸ்ட் 2
பேச முடியாது. எழுதத்தான் முடியும். கன்னத்தில் ஓட்டை. அதை மூட, கழுத்துத் தோலைக் குழாய்போலச் சுருட்டி ஒரு நுனியை அங்கே தைத்திருக்கிறார்கள். மறுநுனி இன்னும் கழுத்தில். தலையைத் திருப்பக் கூடாது.

ஆகஸ்ட் 15
சிலேட்டில் எழுதிக் கேட்டேன்: இந்தத் தோலும் பெருகித்தானே ஒட்டுகிறது? இது மட்டும் எப்படி நிறுத்துகிறது?
டாக்டர் சிலேட்டை வாங்கிப் படித்தார். “அது தெரிஞ்சா மத்ததுக்கும் மருந்து கிட்டும். தெரியாது, டீச்சர்.”
தெரியாது என்று சொல்லும் டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 29
குழாயைக் கழுத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். கன்னத்துத் தோல் பிழைத்துக்கொண்டது.

1955 ஜனவரி 10
பள்ளிக்கூடம் போனேன். “பிள்ளைங்க பயந்துரும், கொஞ்ச நாள் வீட்ல இருங்க” என்றார் ஹெட்மாஸ்டர். கேட்காமல் வகுப்புக்குள் போனேன். “டீச்சருக்கு வலிக்குமா?” என்றாள் ஒருத்தி. இல்லை என்றேன். ஏழாம் வாய்ப்பாட்டுக்குப் போய்விட்டோம்.

மார்ச் 5
புகையிலை அதக்கும் பக்கத்தில்தான் புற்று வருகிறதா என்று டாக்டர் நோயாளிகளிடம் கேட்டு எழுதுகிறார். பெண்கள் உண்மை சொல்வதில்லையாம். சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்கு வந்து நான் கேட்கிறேன் என்றேன்.
“ஊரு முழுக்கக் காட்டணுமா மொகத்த?” என்றார் வீட்டுக்காரர்.
“காட்டணும்.”

மார்ச் 19
இனயத்தில் மீன் விற்கும் வியாகுலம்மாள். போயிலையைத் தொட்டதே இல்லை என்று டாக்டரிடம் சாதித்தவள். என் கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்: “நான் போட்டேன். இந்தப் பக்கம்.”
அவளும் தன் கன்னத்தைத் தொட்டாள். “எனக்கு வலது பக்கம், டீச்சர். ஒறங்கும்போதும் அங்கனதான் கெடக்கும்.”
புண்ணும் அங்கேதான். இரவும் வாயிலேயே வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? டாக்டரின் தாளில் அந்தக் கேள்வியே இல்லை. நானே ஒரு கோடு போட்டுச் சேர்த்தேன்.

ஜூலை 9
அச்சடித்து வந்த புதுத் தாளில் என் கேள்வியும் இருக்கிறது.

1956 பிப்ரவரி 11
இன்று வரிசையில் ஆறாவதாக வீட்டுக்காரர் நின்றார். என்னிடம் சொல்லாமல் எங்கள் ஊர் பூதப்பாண்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். வாயைத் திறந்தார். கடைவாயில் வெள்ளைத் திட்டு.
தாளை எடுத்தேன். “எந்தப் பக்கம் அதக்குவிய?”
“ஒனக்குத் தெரியாதா?”
“எல்லாரும் அவங்க வாயால சொல்லணும்.”
சொன்னார். எழுதினேன்.

பிப்ரவரி 18
புற்று இல்லை. திட்டு மட்டும்தான். நாளையிலிருந்து புகையிலையை விட்டுவிடுவதாகச் சொன்னார்.
இன்றைக்கே என்றேன்.