வெள்ளிக்கிழமை விடுமுறை

8 ஜூலை 2025, செவ்வாய்

இன்று நூலகத்தில் நானும் ஒரு பெரியவரும் மட்டும்தான். அவர் பேப்பரை விரித்தபடியே தூங்கிவிட்டார். நூலகர் ஜாய்ஸ் மேடம் எழுப்பவில்லை, ஃபேனை மட்டும் கூட்டி வைத்தார். திருப்போரூர் பஸ் சத்தமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே. உள்ளே யாரும் "துர்கா" என்று கூப்பிடவில்லை.

மகள் சுஷ்மிதாவுக்குத் துணையாகத்தான் முதலில் போனேன். அவள் ப்ளஸ் டூ முடித்துக் காலேஜ் போய்விட்டாள். நான் நிறுத்தவில்லை. கோயில், ரேஷன் கடை — அதற்கு அடுத்து, எங்கே போகிறாய் என்று கேட்டால் கூசாமல் சொல்ல எனக்கு இருக்கிற ஒரே இடம் அது.

"ஆளே வர்றதில்லைம்மா, எல்லாரும் போன்லயே படிச்சிக்கிறாங்க. சாயங்கால நேரத்த நிறுத்திடலாமான்னு மேல கேக்குறாங்க" என்றார் மேடம். 

13 ஜூலை, ஞாயிறு

வீட்டுக்காரர் எனக்கு ஒரு டேப்லெட் வாங்கி வந்திருக்கிறார். கல்பாக்கத்துக்கும் செங்கல்பட்டுக்கும் லோடு அடித்த காசு. "வெயில்ல இன்னாத்துக்கு நடந்துகினு? புக்கு மொத்தமும் இதுலயே கீது. வூட்லயே படி." முகமெல்லாம் சிரிப்பு. சுஷ்மிதா உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாள்.

எத்தனை புருஷன் இப்படி வாங்கித் தருவான்? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதுக்குன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல.

14 ஜூலை

போகவில்லை. என்ன சொல்லிவிட்டுப் போவது?

17 ஜூலை, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. டேப்பில் நான் இன்னும் நாலாம் பக்கத்தில் இருக்கிறேன்.

"துர்கா, டீ." நாலாம் பக்கம். "அண்ணி, என் வண்டி சாவி எங்க?" என்று கொழுந்தன். நாலாம் பக்கம். மாமியார் வந்து, "அதான் வூட்லயே குந்திகினு கீறியே, அந்த அரிசியக் கொஞ்சம் பொடைச்சிடு" என்றார்கள்.

போன மாதம் இதே நேரத்துக்கு இவர்களே டீ போட்டுக் குடித்தார்கள் இல்லையா? சாவியும் கிடைத்தது இல்லையா? நான் கண்ணில் பட்டால்தான் எல்லாம் தொலைகிறது.

அத்தை உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாப்பாடுகூட நின்றுகொண்டே. தானும் குந்த மாட்டாங்க, அடுத்தவளையும் குந்த வுட மாட்டாங்க.

22 ஜூலை, செவ்வாய்

காய்கறிக் கடையில் ஜாய்ஸ் மேடம். "இன்னாம்மா, ஆளையே காணோம்?" டேப் கதையைச் சொன்னேன். நல்லதுதானே என்றார். கீரைக்கட்டைப் பைக்குள் வைத்தார். "நீங்களும் வரலைன்னா, யாரக் காட்டி நான் சாயங்காலம் தொறக்கணும்னு கேக்குறது?"

 வெண்டைக்காய் வாங்காமலே வந்துவிட்டேன்.

25 ஜூலை, வெள்ளி

ஆடி வெள்ளி. வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். கற்பூரம் தீர்ந்துபோய் என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். கடை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போயிருக்கிறது. நூலக வாசலில்தான் நின்றேன். கதவில் பூட்டு. 'வெள்ளிக்கிழமை விடுமுறை' — இத்தனை வருஷமாகப் பார்க்கிற பலகை. மறந்தே போய்விட்டது.

திரும்பி இருக்கணும். திரும்பல. படியிலயே குந்திட்டேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. அவர் பைக்கில் தேடிக்கொண்டு வந்தார்.

"பூட்டிக் கீற லைப்ரரில இன்னா பண்ற?"

"குந்திகினு கீறேன்."

"வூட்ல குந்த எடமா இல்ல? நான் இன்னா கொற வெச்சேன் உனக்கு?"

எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். நடுரோட்டில் கத்தினேன். "வூடு மொத்தமும் எடந்தான்! எங்க குந்தினாலும் எழுப்புறீங்களே! நான் புக்குக்காவ மட்டும் வர்ல. ஒருத்தரும் எழுப்பாம குந்தறதுக்கு வரேன். அத அந்த டேப்புல ஏத்திக் குடு, பாக்கலாம்!"

அவர் பைக்கைத் திருப்பி நிறுத்தினார். ஆசையாக வாங்கித் தந்த மனுஷன். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி வாங்க மனசு வரவில்லை.

வீட்டில் அத்தை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார்கள். "நல்ல நாளும் அதுவுமா, பூட்டின கதவுகிட்ட போயி குந்துவாளா ஒருத்தி?"

26 ஜூலை

 சோறு குழைந்துவிட்டது. அதைக்கூட யாரும் சொல்லவில்லை.

28 ஜூலை, திங்கள்

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் நின்றார்கள். திட்டத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

"நான் கட்டிகினு வந்த புதுசுல துணி எடுத்துகினு கொளத்துக்குப் போவேன். தொவைக்கிறது கொஞ்சம், படில குந்திகினு கீறது ஜாஸ்தி. உன் மாமனாரு, பொண்டாட்டி கஷ்டப்படுறாளேன்னு வூட்டுக்குள்ளயே பைப்பு போட்டாரு. அதோட போச்சு."

"நீங்க சொல்லலையா அத்தை?"

"இன்னான்னு சொல்றது? ஆசையா பைப்பு போட்ட மனுசன்கிட்ட."

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அவர்களே குழாயை மூடினார்கள். "நாளைக்குப் போ. இவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. அவர்களுக்கு 'வேண்டா' என்று ஒரு பெயர் இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

29 ஜூலை, செவ்வாய்

போனேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

காய் நறுக்கும்போது அத்தை கேட்டார்கள். "ஏம்மா, படிக்கத் தெரியாதவங்கள அங்க உள்ள வுடுவாங்களா?"

4 ஆகஸ்ட், திங்கள்

ஜாய்ஸ் மேடத்திடம் கேட்டேன். "கதவுல அப்படி ஒண்ணும் எழுதலியே. கூட்டினு வாங்க" என்றார். ஆள் வந்துகொண்டிருந்தால் சாயங்கால நேரத்தை இப்போதைக்கு எடுக்க மாட்டார்களாம்.

எனக்குத்தான் உள்ளுக்குள் குறுகுறுப்பு. அங்கேயும் "துர்கா, துர்கா" என்று ஆரம்பித்தால்? எனக்கென்று இருப்பது அது ஒன்றுதானே?

7 ஆகஸ்ட், வியாழன்

அத்தையும் வந்தார்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்கள். மேடம் ஒரு வாரப் பத்திரிகையை முன்னால் வைத்தார். படம் பார்த்தார்கள். பிறகு மூடி வைத்துவிட்டு, முதுகை நன்றாகச் சாய்த்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்கள்.

நான் வேறு மேஜை. ஒருமுறை என்னைக் கூப்பிட வாயெடுத்தார்கள். நான் படிப்பதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். ஒரு முழு அத்தியாயம் படித்தேன்.

திரும்பும்போது, "நாளைக்கும் இதே நேரத்துக்கா?" என்றார்கள்.

"நாளைக்கு வெள்ளி அத்தை. பூட்டியிருக்கும்."

நடுத்தெருவில் நின்றுவிட்டார்கள். "வெள்ளிக்கெழமன்னா? அன்னிக்கு ஒரு மனுசி குந்த வாணாமா?"