காதால் மட்டும் பார்த்த படம்

என் ராசா சரவணா,

நீ ஓயாமல் போட்டுப் பார்த்த அந்தப் பள்ளிக்கூடக் காமெடிப் படத்தை நேற்று முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். சிரிக்காதே. நம் வீட்டில் நாற்பது தடவையாவது ஓடியிருக்கும், வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் கண்ணால் பார்த்தது நேற்றுத்தான்.

நாரணாபுரத்தில் என்னைப் போன்றவர்கள் படம் பார்ப்பது அப்படித்தானே? டிவி ஒரு பக்கம் ஓடும். கண்ணும் கையும் பட்டாசுக் கம்பெனிக்குக் காகிதக் குழாய் உருட்டிக்கொண்டிருக்கும். தலையை நிமிர்த்தினால் பசை காய்ந்துபோகும்.

"எம்மா, இந்த ஒரு இடத்த மட்டும் பாருங்க. இதுல வசனமே கிடையாது" என்று கெஞ்சுவாய்.

"வசனமே இல்லைன்னா அதுல என்னலே இருக்கு? சீசன் முடியட்டும், பாக்கேன்" என்பேன். நமக்கு எந்தச் சீசன் முடிந்திருக்கிறது? தீபாவளி கழிந்த கையோடு அடுத்த ஆர்டர் வந்து நிற்கும்.

நீ சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. கடைசி பெஞ்சில் ஒருவன் படம் முழுக்கத் தூங்குகிறான், பரீட்சையன்று மட்டும் முழித்திருக்கிறான். ஹீரோவின் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்று சொன்ன பிள்ளை, பரீட்சை ஹாலில் ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கிறாள். உள்ளே அந்த நீலக் காகிதம் மடித்தபடி இருக்கிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைத் திமிர் பிடித்தவள் என்று எத்தனை தடவை வைதிருக்கிறேன்!

அப்புறம் அந்த அப்பா. பையன் ஃபெயிலாகி வந்து சாப்பிட உட்காருவான். "ஒனக்குச் சோறு போட்டதுக்கு ஒரு எருமைய வளத்திருந்தா பாலாச்சும் கறந்திருக்கும்" என்று அவர் ஏசுவாரே, அந்த வசனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். உன்னை ஏச அதைத்தான் எடுத்துக்கொண்டேன். நீ கோபப்படாமல் சிரிப்பாய். சூடு சொரணை இல்லாத பிள்ளை என்று நினைத்தேன்.

நேற்றுத்தான் அவர் கையைப் பார்த்தேன். வாய் பாட்டுக்கு ஏசுகிறது. கை மீனில் முள்ளை எடுத்து எடுத்துப் பையன் தட்டில் வைக்கிறது. அவனும் குனிந்தபடி சாப்பிடுகிறான். உன் தங்கையிடம் டிவியை நிறுத்தச் சொல்லிவிட்டு அழுதேன். இதைத் தெரிந்துகொண்டுதான் சிரித்தாயா?

அந்தக் காலையிலும் நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது அந்த எருமை வசனம்தான். சாத்தூர் ரோட்டில் பைக் மேல் லாரி மோதிவிட்டது என்று சொல்ல வந்தவர்கள், "ஒங்க பிள்ளை என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, சரவணா. பெற்றவளுக்குத் தெரியவில்லை.

நேற்று உன் தங்கை செல்வியிடம் கேட்டேன். "தாயி, அன்னைக்கு அண்ணன ஏசுனப்போ என் கை என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு? சோறு கீறு கட்டிக் குடுத்தேனா?"

"அண்ணனே டப்பாவுல போட்டுக்கிட்டான்மா. நீங்க குழாய் உருட்டிக்கிட்டு இருந்தீக."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் வயிற்றில் பிறந்தவள், சொல்லவில்லை.

"சிரிச்சானா?"

"வாசல்ல நின்னு ஒங்களையே பாத்துக்கிட்டு இருந்தான். சிரிச்சான்னுதான் நெனைக்கேன். நீங்க நிமிரவே இல்லம்மா."

எதைப் பார்த்துச் சிரித்தாய் ஐயா? குழாய் உருட்டுகிற கையும் முள் எடுக்கிற கைதான் என்று நினைத்துக்கொண்டாயா? இல்லை, அம்மா நிமிர்ந்து பார்ப்பாள் என்று காத்து நின்றாயா? அதை மட்டும் யாரிடம் போய்க் கேட்பேன்?

திங்கட்கிழமையிலிருந்து செல்வி விருதுநகரில் காலேஜுக்குப் போகிறாள். பசை காய்ந்தால் காயட்டும். தினமும் எழுந்து வாசலுக்குப் போய், அவள் முகத்தைப் பார்த்துத்தான் அனுப்புவேன், இது சத்தியம். ஏசாமல் இருக்க என்னால் ஆகாது, உனக்கே தெரியும். ஏசினாலும் முகத்தைப் பார்த்தே ஏசுவேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு நிமிராத உன் அம்மா